ஹைலெவல் வீதியிலிருந்து ஓர் இளவேனில்

மாசி பிற்பகுதியில் கிருலப்பனையின் மண் வெளுத்துவிடும். 138ஆம் இலக்க பஸ்கள் கிளப்பும் தூசி ஹைலெவல் வீதியோர மரங்களின் இலைகளில் படிந்து கிடக்கும். மதியத்தில் ஒழுங்கைக்குள் நாய்கூட நடமாடாது. வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்புக்கு இது அபூர்வமான காலம். தென்மேல் பருவமழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. வடகீழ்ப் பருவமழை போய்விட்டது. இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரத் தாகத்துக்காகத்தான் எங்கள் பக்கத்தில் பூக்கன்று வளர்ப்பவர்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது விளங்காது. எப்போதும் பச்சையாக இருக்கும் ஊரில் எதற்காகக் காத்திருப்பது என்று கேட்பார்கள். செவ்வரத்தை தினமும் பூக்கிறது, நந்தியாவட்டை தினமும் பூக்கிறது, வாசலில் பட்டிப்பூ யாரும் கேட்காமலே பூக்கிறது. உண்மைதான். ஆனால் தினமும் பூப்பவற்றைப் பார்க்க யாரும் தெருவுக்கு இறங்குவதில்லை. இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, ஒரு காலையில் மரம் முழுக்கப் பூவாக நிற்கும் அந்தச் சிலவற்றுக்காகவே இறங்குகிறார்கள்.

கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் சற்றுக் குறைவாக இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. வெப்பமும் மாதத்துக்கு மாதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. குளிர் நாட்டு மரங்கள் பகலின் நீளத்தையும் குளிரின் ஆழத்தையும் வைத்துக் காலத்தை அறிகின்றன. இங்குள்ள பல மரங்களுக்குத் தண்ணீர்தான் பஞ்சாங்கம். வேரில் ஈரம் குறைந்தால் மரம் இலையைக் கைவிடுகிறது, மொட்டுக்கு வழிவிடுகிறது.

கிருலப்பனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் வடமராட்சி. மண் என்று சொல்லக் கையளவு நிலம்கூட இல்லாத வீடு. படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் பூச்சாடி, பழைய பெயின்ற் வாளி, எருமைத் தயிர் வாங்கி வந்த மண்சட்டி. அத்தனையிலும் கடதாசிப்பூ: வெள்ளை, செம்மஞ்சள், ஊதா. கடதாசிப்பூவின் சொந்தப் பூமி தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கடற்பயணி புகன்வீலின் பயணக் குழுவில் போன தாவரவியலாளர் கொமர்சோன் அதை 1767இல் றியோ டி ஜெனீரோவில் கண்டார். அக்காவுக்கு அந்த வரலாறு தெரியாது. செடியின் குணம் தெரியும்.

“தண்ணி விடுறத நிப்பாட்டிட்டன் தம்பி. பாக்கப் பாவமாத்தான் கிடக்கு. ஆனா வாடாட்டி இது பூக்காது. இலையைத் தள்ளிக்கொண்டு சும்மா நிக்கும்.”

இலை சுருண்டு தொங்கும்வரை விட்டுவைப்பார். பிறகு ஒருநாள் ஒரு சுண்டுத் தண்ணீர். பிறகு மீண்டும் பட்டினி. பசளை போடுவதும் அளவாகத்தான். கூடிப்போனால் கொடி கொழுத்துவிடும் என்பார். பங்குனி நடுவில் அந்தப் படிக்கட்டில் ஏறுபவர் சுவரைப் பார்க்க முடியாது. இந்தக் கட்டுரைக்காக நான் போன இடங்களிலெல்லாம் அக்காவின் இந்தக் கணக்கே வெவ்வேறு உருவில் எதிர்ப்பட்டது. எங்கோ குளிர், எங்கோ வறட்சி, எங்கோ திடீர் மழை. பூவுக்கு முன்னால் ஏதோ ஒரு கடுமை இருக்கத்தான் செய்கிறது. தோட்டக்காரருடைய திறமை பாதிக்கு மேல் அந்தக் கடுமையைக் கெடுக்காமல் பொறுத்திருப்பதில் இருக்கிறது.

கிருலப்பனையிலிருந்து ஹவ்லொக் டவுன் வழியாக பௌத்தாலோக மாவத்தை, சுதந்திர சதுக்கப் பக்கம் நடந்தால், பங்குனி சித்திரையில் ரொபரோசியாவைப் பார்க்கலாம். இளஞ்சிவப்புக் குழல் பூக்கள், இலையே இல்லாத கிளைகளில் கொத்துக் கொத்தாக. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டிப் படம் எடுக்கிறார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் கொழும்பின் இளவேனிலுக்கு அடையாளமாகிவிட்டது. மாசியில் மழை விடாமல் பெய்த வருடங்களில் அதே மரம் இலையோடு நின்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து முடித்துவிடும். அந்த வருடங்களில் படம் எடுப்பவர்களும் இல்லை.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் தலைக்கு நேர்மேலாக நகர்கிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நாட்களில்தான் புத்தாண்டும் வருகிறது. தமிழர் இளவேனில் என்று சித்திரையையும் வைகாசியையும் பிரித்து வைத்திருப்பதை, பனியே காணாத கொழும்பில் நின்று பார்த்தால்தான் அதன் பொருத்தம் தெரியும். வெயில் உச்சிக்கு வந்து, முதல் இடிமழை மாலையில் இறங்கும்போது, கொன்றை மஞ்சளாகத் தொங்கத் தொடங்குகிறது. வெசாக் நெருங்கும்போது ஈரவலயக் காடுகளில் இந்த நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் பூக்கிறது.

மழையைக் கேட்டுப் பூக்கும் இன்னொன்றும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. புறா ஓர்க்கிட். மாமரத் தண்டில் தும்புக்கயிற்றால் கட்டி வைத்தால் போதும், அது தன்பாட்டில் இருக்கும். கடும் வெக்கைக்குப் பிறகு திடீரென்று பெரும் மழை பெய்து, வெப்பம் ஐந்தாறு பாகை சடாரென்று இறங்க வேண்டும். அந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் நாள் பூக்கும். ஊரில் உள்ள எல்லாச் செடியும் ஒரே காலையில். அதே மழையை வாங்கிய நுகேகொடைச் செடியும், வெள்ளவத்தைச் செடியும், எங்கள் மாமரத்துச் செடியும் அன்றைக்கே. விடியும்போது வாசனை, பொழுதுபட வாடல். பக்கத்து வீட்டு ஐயா ஓய்வுபெற்ற கணக்காளர். நாட்காட்டியில் மழைத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு ஒன்பதாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த நாளில் அவர் எங்கும் பயணம் போவதில்லை.

நகருக்குள்ளேயே இன்னும் ஓரிடத்துக்குப் போக வேண்டும். கொம்பனித்தெருவில் கியூ வீதி என்றொரு தெரு. ரயில் பாதைக்கும் புதிய கோபுரங்களுக்கும் நடுவில் நெரிந்து கிடக்கும் அந்தத் தெருப் பெயரைத் தவிர அங்கே பூந்தோட்டத்தின் தடயம் எதுவும் இல்லை. லண்டன் கியூ தோட்டத்தின் பெயரில், ஜோசப் பாங்க்ஸின் ஆலோசனைப்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தத் தீவில் அமைத்த தாவரத் தோட்டம் ஒன்று இங்கேதான் இருந்தது. 1812இல் அதற்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டவர் வில்லியம் கெர், ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர்.

கெர்ரின் கதை என்னை விடவே இல்லை. 1803இல் பாங்க்ஸ் அவரைச் சீனாவின் கன்ரன் துறைமுகத்துக்கு அனுப்பினார். அங்கே எட்டு வருடத்துக்கும் மேலாக இருந்து, நாற்றுமேடைகளில் வாங்கியும் சேகரித்தும் கப்பல் கப்பலாகச் செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். புள்ளி போட்ட செம்மஞ்சள் லில்லி, முள்ளில்லாத கொடி ரோசா, நந்தினா, எல்லாம் அவர் அனுப்பியவை. அவற்றில் ஒன்று மஞ்சள் பூக்கள் அடுக்கடுக்காக மலரும் ஒரு புதர். பின்னாளில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கெரியா. இன்றைக்கும் இங்கிலாந்து வீட்டுத் தோட்டங்களில் பனி விலகி ஏப்ரலில் முதலில் மஞ்சளாக வெடிப்பவற்றில் அது ஒன்று. லண்டனில் வாழும் எங்கள் ஆட்கள் பலர் வீட்டு வேலியோரத்தில் அதைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலே.

அந்த மனிதர் 1814இல், கொழும்புக்கு வந்து இரண்டு வருடத்தில், இறந்துவிட்டார். குளிர் நாட்டுத் தோட்டங்களுக்கு ஒரு புது இளவேனிலை அனுப்பியவருடைய கடைசித் தோட்டம், இளவேனிலே இல்லை என்று அவர் நாட்டவர் நினைத்த ஒரு வெள்ளக்காட்டில் இருந்தது. கொம்பனித்தெரு நிலம் தாழ்வு, தண்ணீர் ஏறிவிடும். 1813இல் தோட்டத்தைக் களுத்துறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். 1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் அது பேராதனைக்குப் போனது. இன்று பேராதனைக்குப் பேருந்து பேருந்தாகப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அந்தத் தோட்டம் கொழும்பின் சேற்றில் பிறந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

சேறு கொழும்பை விட்டுப் போகவில்லை. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. கிருலப்பனைக் கால்வாயோர வீடுகள் அதை மறக்கவில்லை. 2018இல் ராம்சர் அமைப்பு முதன்முறையாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கால்வாயில் ஆகாயத்தாமரை ஊதா நிறத்தில் பூத்துக் கிடப்பதைப் பாலத்தில் நின்று பார்ப்பது வடிவுதான். ஆனால் அந்தப் பூவைத் தடுக்க இந்த நாட்டில் 1909இலேயே தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நீரோட்டத்தை அடைத்து, மற்றெல்லாவற்றையும் மூச்சடைக்கச் செய்யும் செடி அது. காத்திருக்காமல் எந்நேரமும் பூப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

ஹைலெவல் வீதி எங்கள் வாசலிலிருந்து நேரே அவிசாவளைக்குப் போகிறது. அங்கிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை என்று ஏறினால் நுவரெலியா. மாசியில் இந்தப் பாதையில் போகிறவர்கள் அவிசாவளைப் பக்கம் இறப்பர்த் தோட்டங்களைப் பார்த்துத் திடுக்கிடலாம். மரங்கள் மொட்டையாக நிற்கும். தரையில் சிவந்த சருகு. சில நாட்களில் செம்பு நிறத் தளிர். அமேசன் காட்டு விதையை ஹென்றி விக்கம் 1876இல் லண்டனுக்குக் கொண்டுபோக, கியூவில் முளைத்த நாற்றுகள் அதே வருடம் கம்பகாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன. வந்த மரம் தன் இலையுதிர் காலத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. இலை போகும் வாரங்களில் பால் குறையும். தோட்டங்கள் பால்வெட்டைக் குறைத்து மரத்துக்கு ஓய்வு கொடுக்கும். வீதியோர வேலிகளில் கிளிரிசிடியாவும் இலை உதிர்த்து வெளிறிய இளஞ்சிவப்பில் பூத்திருக்கும். அதையும் மத்திய அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் நிழலுக்கும் பசுந்தாள் உரத்துக்குமே கொண்டுவந்தார்கள். பூ அவர்கள் கணக்கில் இருந்திருக்காது.

ஹற்றனைத் தாண்டிய பிறகு தேயிலைதான். ஆனால் 1869இல் இலைத்துரு நோய் வருவதற்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. கோப்பி பூப்பதும் புறா ஓர்க்கிட்டின் கணக்குத்தான்: வறட்சியில் மொட்டு உறங்கும், மழை விழுந்ததும் ஒரு வாரம் பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளை. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து இந்தக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்ட மக்கள் அந்த வெள்ளையைப் பார்த்திருப்பார்கள். அது நல்ல அறுவடைக்கு அறிகுறி. அவர்களுக்கு இன்னும் அதிக வேலைக்கும் அறிகுறி. 2023இல் மலையக மக்கள் தங்கள் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது, தேயிலையைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த வெள்ளைப் பூக்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி தையில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி படியும். சித்திரை வந்தால் கொழும்பே அங்கே ஏறிவிடும்: குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, கிரகரி ஏரியில் படகு. விக்டோரியா பூங்கா 1897இல் மகாராணியின் வைர விழாவுக்காக உருவானது. அங்கே சித்திரையில் பூத்திருப்பதைப் பார்த்து இயற்கையாக வந்த வசந்தம் என்று நினைப்பவர்கள், பூங்காவின் பின்பக்கம் நாற்றுமேடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

“தைப்பொங்கலுக்கு முந்தியே வெத போட்டாச்சுங்க. மூணு மாசம் ஆகும்ல. மார்கழிப் பனி நாத்து மேல பட்டா ஒரே ராத்திரில கருகிரும். சாக்கு போட்டு மூடி, வெயில் வந்ததும் எடுத்துருவோம்,” என்றார் மலையகத்தில் தலைமுறைகளாகத் தோட்டவேலை பார்க்கும் குடும்பத்து மனிதர் ஒருவர்.

பெட்டூனியா, பான்சி, டேலியா என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் என்று மனக்கணக்காகச் சொன்னார். சித்திரை இரண்டாம் வாரத்தில் எல்லாம் உச்சத்தில் நிற்க வேண்டும். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் கொழும்பிலிருந்து வருபவர்கள் பார்க்கமாட்டார்கள். மற்ற இடங்களில் தோட்டக்காரர் வசந்தத்துக்காகக் காத்திருக்க, நுவரெலியாவில் வசந்தம் இவர்களுடைய கைக்காகக் காத்திருக்கிறது. அவர்களது பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பூக்கண்காட்சிக்குப் போகிறவர்கள் பரிசுக் கோப்பைகளைப் படம் எடுக்கும்போது, பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் கிடைக்கும்.

நுவரெலியாவிலிருந்து சீதாஎலிய வழியாகச் சுமார் 10 கிலோமீற்றர் போனால் ஹக்கல. 1861இல் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம். இப்போது ரோசாவுக்குப் பேர் போனது. போகும் வழியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாசல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். காம்பராவுக்குள் ஆட்கள் புரளக்கூட இடம் போதாத இடங்களிலும், வாசலில் ஒரு அடி அகல மண்ணில் டேலியாவும் செவ்வந்தியும் நிற்கின்றன. தேயிலை மண்ணின் புளிப்புக்கு ஹைட்ரேஞ்சியா அப்படியொரு நீலமாகப் பூக்கிறது. இதே செடி சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகிவிடும். பூங்காவில் பார்த்ததைவிட எனக்கு இந்த வாசல்கள்தான் பிடித்தன.

குளிரே தோட்டத்தை நடத்தும் ஊருக்கும் போனேன். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் என் மச்சாள் வீடு. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே மரங்கள் விறகு போல நின்றன. வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் கறிவேப்பிலைச் சாடி, மல்லிகைச் சாடி, தேசிக்காய்க் கன்று. ஐப்பசியில் உள்ளே எடுத்தவை. பாதி இலையை உதிர்த்துவிட்டு எப்படியோ உயிரோடு நிற்கின்றன. முட்டைப் பெட்டிக் குழிகளில் கத்தரி, மிளகாய், வெண்டி முளைத்து நின்றன. “இப்ப வெளியில வைக்கேலாது. விக்டோரியா டே போகோணும்,” என்றாள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் அந்த விடுமுறைதான் அங்குள்ள தோட்டக்காரர்களுக்கு நாள் பார்க்கும் பஞ்சாங்கம். அதற்கு முன் நட்டால் ஒரு இரவு உறைபனியில் எல்லாம் போய்விடும். அந்த வார இறுதியில் பின்வளவுகளில் தமிழ்க் குரல்கள் கேட்கும், புடோல் பந்தலுக்குத் தடி ஊன்றுவார்கள், பயிற்றங்காய்க்கு நூல் கட்டுவார்கள். உறைபனி மீண்டும் வருவதற்குள் கிடைக்கும் நாலைந்து மாதத்துக்குள் ஒரு யாழ்ப்பாணத்து வளவை முழுதாக வாழ்ந்து முடிக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் அதே நகரின் ஹைபார்க் பூங்காவில் செரி பூக்கும். இரண்டாம் உலகப் போரின்போது கனடா அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களுக்கு அனுப்பியது. போருக்குப் பின் அவர்களில் பலரை டொரொன்டோ ஏற்றுக்கொண்டது. அதற்கு நன்றியாக டோக்கியோ மக்கள் 1959இல் 2,000 செரி மரங்களை அந்த நகருக்குக் கொடுத்தார்கள். ஒட்டாவாவின் டியூலிப் கதையும் இதே வகை. போரில் நெதர்லாந்தை விட்டு ஒதுங்கிய இளவரசி யூலியானாவுக்கு 1943இல் ஒட்டாவா மருத்துவமனையில் மகள் பிறந்தாள். 1945இல் நெதர்லாந்து 100,000 டியூலிப் கிழங்குகளை நன்றியாக அனுப்பியது. இன்றும் ஆண்டுதோறும் 20,000 வருகின்றன. 1953 முதல் விழா நடக்கிறது.

கனடாவின் பேர்பெற்ற இளவேனில் பூக்காட்சிகள் இரண்டும் அடைக்கலம் தந்ததற்கான நன்றியில் வேர் கொண்டவை. ஹைபார்க்கில் செரியின் கீழே பாய் விரித்து, வடையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்து உட்கார்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தேன். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், அவர்களது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மரத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டியூலிப் கிழங்குக்குக் குளிர் கட்டாயம். ஒன்பது பாகைக்குக் கீழே பன்னிரண்டு முதல் பதினாறு வாரங்கள் கிடந்தால்தான் உள்ளே இருக்கும் பூ நிமிரும். குளிர் படாத கிழங்கு குட்டையாக இலையைக் காட்டிவிட்டு அழுகும். கொழும்பிலும் சிலர் அதைப் பூக்கவைக்க ஆசைப்படுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து ஒரு தடவை பூக்க வைக்கலாம்; அடுத்த வருடம் அந்தக் கிழங்கு வராது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுகாப்புச் சேவையின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. பயணப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் ஒரு கிழங்கோடு ஒரு நோயும் இறங்கிவிடும். கோப்பியை இழந்த நாடு இது.

சிட்னியில் இருக்கும் நண்பரின் கணக்கு தலைகீழ். கொழும்பில் ஐப்பசி மழை ஒழுங்கையை நனைக்கும்போது அவரது தெருவில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்து நிற்கும். பங்குனியில் நான் பூ என்று எழுதினால் அவர் சருகு என்று எழுதுவார்.

கியோட்டோ நகரில் செரி பூத்த நாட்களை ஆயிரத்து இருநூறு வருடமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அரண்மனை நாட்குறிப்புகளிலிருந்தும் விழாக் குறிப்புகளிலிருந்தும் சேர்த்த அந்தப் பட்டியலில், 2021 மார்ச் 26 அதுவரை இருந்தவற்றில் மிக முந்திய நாள். அதற்கு முந்திய சாதனை 1409ஆம் ஆண்டினது. உலகம் சூடாவதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நாட்காட்டி வேறில்லை. நமக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. கிருலப்பனையில் கொன்றை முதலில் பூத்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஐயாவின் பென்சில் வட்டங்கள்தான் நான் அறிந்த ஒரே பதிவு. அவரிடம் பழைய நாட்காட்டிகளை எறிய வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

பங்குனிக் கடைசியில் யாழ்ப்பாணம். அங்கே மழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில். வேம்பு இலையை உதிர்த்து, சிவந்த துளிர் விட்டு, பங்குனி சித்திரையில் பூத்து இறைக்கும். மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டு இரவு முழுக்க விடுவார்கள். விடிய அதில் வேப்பம்பூ வெள்ளைப் பொட்டுகளாகக் கிடக்கும். அள்ளிப் புடைத்து, அரைத்த உளுந்தோடும் செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகத்தோடும் பிசைந்து, தட்டி வெயிலில் காயவைத்தால் வேப்பம்பூ வடகம். கொழும்புக்கும் கனடாவுக்கும் பொதி கட்டிப் போகும் யாழ்ப்பாணத்து இளவேனில் அதுதான். நான் வடமராட்சி அக்காவுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து மணந்துவிட்டு, “இந்த வருசப் பூதான்,” என்றார்.

யாழ்ப்பாணத்தில் நான் தேடிப் போனது முள்முருக்கை. இலை ஒன்றும் இல்லாமல், முள் நிறைந்த கிளை நுனிகளில் குருதிச் சிவப்பு. மைனாவும் காகமும் தேன் குடிக்க அடிபடும். கதியாலாக வெட்டி நட்டால் வேலியாகிவிடும், குழை ஆட்டுக்கு ஆகும், கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுவதும் இதைத்தான். வேலிகள் மதிலாகிவிட்டதால் ஊரிலேயே இப்போது குறைந்துபோய்விட்டது. சிங்கள மக்களுக்கு இதே மரம் எரபது. அந்தப் பூவும் குயிலின் கூவலும் வந்தால் புத்தாண்டு வந்துவிட்டது என்பார்கள். இரண்டு மக்களுக்கும் ஒரே நாளில் பிறக்கும் புத்தாண்டுக்கு, இரண்டு மக்களுடைய வளவிலும் நின்ற மரம்.

கொழும்பு வீதிகளில் ரொபரோசியா நடுவதை நான் குறை சொல்லவில்லை; அது அழகு. ஆனால் முள்முருக்குக்கும் கொன்றைக்கும் இடம் விட வேண்டும். முள் இருக்கிறது என்பதும், கிளை எளிதில் முறியும் என்பதும் நியாயமான மறுப்புகள். நடைபாதைக்கு அது ஏற்ற மரமல்ல. கால்வாய்க் கரைகளும், பள்ளிக்கூட மைதானத்து ஓரங்களும், ரயில் பாதையோர வெற்று நிலங்களும் இருக்கின்றனவே. கிளை வெட்டும் வேலையையும் தை மாசியில் செய்யாமல், பூ முடிந்து வைகாசி மழை தொடங்கும்போது செய்தால், ஒரு வருடப் பூ வீணாகாது. செலவு ஒன்றும் கூடாது, மாதத்தை மாற்றினால் போதும்.

எங்கள் ஒழுங்கையில் இதைப் பற்றிக் கதைத்து முடித்திருக்கிறோம். சாவகச்சேரியில் ஒரு உறவினர் வளவில் நல்ல முற்றிய மரம் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் கைமொத்தத்தில் நாலைந்து கதியால் வெட்டி, நுனியில் சாணி அப்பி, ரயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நடுவதற்கான அனுமதிக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஐயா மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார். வேர்பிடிக்கும்வரை தண்ணீர் விடும் பொறுப்பு அக்காவுக்கு. எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.